பரணில் முட்டை இருந்த வீடு

மயிலாப்பூரில், குளத்துக்குத் தெற்கே ஒரு சந்தில், நாங்கள் மூன்று பெண்கள் அக்காதங்கைகளாக நடித்துக்கொண்டு குடியிருந்தோம். வீட்டுக்கார மாமி மாடியில் இருந்தார். கீழ்ப்போர்ஷனைக் குடும்பத்துக்கு மட்டும்தான் விடுவேன், அதுவும் சுத்த சைவமாக இருக்க வேண்டும் என்று அவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தனியாக வந்து தங்கி வேலை பார்க்கும் பெண்கள் என்றாலே அவருக்கு ஆகாது. "பெரியப்பா பொண்ணு, சித்தப்பா பொண்ணுன்னு சொல்லிக்குங்கம்மா. மாமி என்ன ரத்தமா டெஸ்ட் பண்ணப் போகுது?" என்று வழிகாட்டியவர் வீட்டுத் தரகர். அப்படித்தான் ஒரே பகலில் எனக்கு ஓர் அக்காவும் ஒரு தங்கையும் கிடைத்தார்கள்.

அதற்கு முன் மூவரும் தியாகராய நகரில் ஒரு பெண்கள் விடுதியில் ஒரே அறையில் இருந்தோம். பெரியவள் கோயம்புத்தூர்க்காரி. அடையாறில் ஒரு கிளினிக்கில் பிசியோதெரபிஸ்ட். எதிரில் இருப்பவர்கள் எல்லாருக்கும் முட்டிவலி என்பதுபோல் அவ்வளவு நிதானமாகப் பேசுவாள். சின்னவள் பாண்டி பஜாரில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப்புடவைப் பிரிவில் நாள் முழுக்க நிற்பவள். பிறந்து வளர்ந்தது சிந்தாதிரிப்பேட்டையில், கூவத்தை ஒட்டி. அங்கே இருந்த வீடுகளை இடித்துவிட்டு அவள் குடும்பத்துக்குப் பெரும்பாக்கத்தில் வீடு கொடுத்திருந்தார்கள். அங்கிருந்து கடைக்கு வந்து போவதற்குள் உயிர் போய்விடுகிறது என்று விடுதிக்கு வந்திருந்தாள். நான் விருதுநகர் பக்கம். நந்தனத்தில் ஓர் அலுவலகத்தில், பொருள் வாங்கி ஏமாந்தவர்கள் அனுப்பும் புகார்களுக்குக் கம்ப்யூட்டரில் தட்டித் தட்டிப் பதில் சொல்லும் வேலை. தங்கள் சிரமத்துக்கு மிகவும் வருந்துகிறோம் என்று நான் வருந்தாத நாளே கிடையாது.

மூன்று ஊர்ப் பேச்சு ஒரே குடும்பத்தில் எப்படி வந்தது என்று மாமி கேட்டபோது, அப்பாக்கள் மூன்று பேருக்கும் மூன்று ஊரில் உத்தியோகம் என்று பெரியவள் கூசாமல் சொன்னாள். மாமி நம்பிவிட்டார். சின்னவளை மட்டும் மாமி முன்னால் வாயைத் திறக்கவே கூடாது என்று மிரட்டி வைத்தோம். திறந்தால் இன்னா, கீது என்று கொட்டிவிடும். கடைசியில் மாமி என்னிடம், "உங்க சின்னவ எவ்வளவு சாது! அவளைப் பாத்துக் கத்துக்கோ" என்றார். தூக்கத்தில்கூட வாய் ஓயாதவளைச் சாது என்று சொன்ன ஒரே ஆள் இந்த உலகத்தில் மாமிதான்.

வீட்டில் ஒரு கூடம், ஒரு படுக்கையறை, மாமி பழைய பாத்திரங்களைப் போட்டு வைத்திருந்த ஒரு சின்ன அறை. படுக்கையறையை அவர்கள் இருவரும் எடுத்துக்கொண்டார்கள். சின்ன அறையை நான் கேட்டு வாங்கினேன். ஒரு கட்டில் போட்டால் கதவு பாதிதான் திறக்கும். ஆனாலும் அது என் கதவு. அம்மா வீட்டிலும் விடுதியிலும் எனக்கென்று ஒரு கதவு இருந்ததில்லை.

எனக்குக் கேள்வி பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாப்பிட்டாயா, ஏன் முகம் வாடியிருக்கிறது, ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை, யாரிடம் பேசிக்கொண்டிருந்தாய் என்று கேட்டுக் கேட்டுத்தான் என்னை ஊரைவிட்டே துரத்தினார்கள். பெரியவளுக்கும் அதே கதை. கல்யாணம் ஒன்று முறிந்து, அதை விசாரிக்க வந்தவர்களுக்குக் காபி போட்டுப் போட்டே வெறுத்துப்போய்ச் சென்னைக்கு வந்தவள். ஆகவே எங்கள் வீட்டில் யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை என்று வைத்துக்கொண்டோம். கதவு சாத்தியிருந்தால் தட்டக் கூடாது. சொல்ல வேண்டியதை மூன்று பேர் மட்டும் இருந்த வாட்ஸ்அப் குழுவில் சொல்ல வேண்டும். கேஸ் தீர்ந்துவிட்டது, துணி நனைகிறது, மாமி வருகிறார். பக்கத்து அறையிலிருந்து கட்டைவிரல் ஒன்று பதிலாக வரும்.

காபிக்கும் ஒரு ஏற்பாடு இருந்தது. காலையில் முதலில் எழுந்து காபி போடுபவள் பெரியவள். ஆரம்பத்தில் ஒவ்வொருவரிடமும் வந்து "காபி வேணுங்களா?" என்று கேட்பாள். ஒருநாள் நான் எரிந்து விழுந்தேன். அதன் பிறகு, காபி வேண்டுமென்றால் அவரவர் டம்ளரை ஃபில்டர் பக்கத்தில் நிமிர்த்தி வைப்பது, வேண்டாமென்றால் கவிழ்த்து வைப்பது என்று முடிவானது. நிமிர்ந்த டம்ளரில் காபி இருக்கும். கவிழ்ந்த டம்ளரை யாரும் தொட மாட்டார்கள். ஒரு வார்த்தை பேச வேண்டாம். எங்கள் வீட்டுக்கு வந்த சிநேகிதிகள் எல்லாம், சண்டையே இல்லாமல் எப்படி இருக்கிறீர்கள் என்று வாயைப் பிளப்பார்கள். எங்களுக்கு அதில் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

இந்தச் சட்டங்களை எல்லாம் மதிக்காத ஒரே விஷயம் சின்னவளின் முட்டை. கடையில் நின்றபடியே இரண்டு முறை தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். ரத்தம் குறைவாக இருக்கிறது, தினமும் முட்டை சாப்பிடு என்று டாக்டர் சொல்லிவிட்டார். சைவ வீட்டில் முட்டையை எங்கே வைப்பது? சமையலறையில் வைக்க முடியாது. தண்ணீர் மோட்டாரின் சுவிட்ச் எங்கள் சமையலறைக்குப் பின்னால் இருந்தது. மாமி காலையில் அதைப் போடவும் அணைக்கவும் வருவார். வந்தவர் சும்மா போக மாட்டார். ஃபிரிட்ஜைத் திறந்து, "கீரையை இப்படியா வெக்கறது?" என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவார். ஆகவே முட்டைகள் என் அறையின் பரணுக்குப் போயின. துணிப்பைக்குள் அட்டையோடு, பழைய பேப்பர் சுற்றி, மாமியின் பித்தளை அண்டாவுக்குப் பின்னால்.

காலையில் பல்கூடத் தேய்க்காமல் சின்னவள் என் அறைக்கு வருவாள். கட்டில்மேல் ஏறி முட்டையை எடுப்பாள். தண்ணீர் சுட வைக்கும் மின்சாரக் கெட்டிலில் போட்டு அவிப்பாள். அது வேகிற வரைக்கும் என் காலடியில் உட்கார்ந்து முந்தின நாள் கடையில் நடந்ததை எல்லாம் சொல்லுவாள். கல்யாணப் புடவை எடுக்க வந்து கடையிலேயே சம்பந்திகள் அடித்துக்கொண்ட கதை, எல்லாப் புடவையையும் பிரிக்கச் சொல்லிவிட்டுக் கைக்குட்டை வாங்கிப் போன அம்மாவின் கதை. முட்டை ஓட்டைக் காகிதத்தில் மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு போய், பாண்டி பஜார் குப்பைத் தொட்டியில் போடுவாள். "நகையப் பத்திரமா எத்துக்கினு போற மாரி ஓட்ட எத்துக்கினு போறேன்க்கா" என்பாள். அந்த அறைக்குள் தட்டாமல் நுழைந்த ஒரே மனுஷி அவள்தான். அதுகூட முட்டைக்காக.

பிறகு என் அலுவலகம் நந்தனத்து மாடியைக் காலி செய்தது. இனி எல்லாரும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்றார்கள். முதலில் எனக்குச் சந்தோஷம்தான். பஸ் இல்லை, வியர்வை இல்லை, மேனேஜர் முகம் இல்லை. கட்டிலே மேசை, கட்டிலே நாற்காலி. காலையில் கண்ணைத் திறந்து அப்படியே வருந்த ஆரம்பித்துவிடலாம்.

அது எப்போது திரிந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஐப்பசி மழை பிடித்திருந்தது. சுவர் ஓதம் காத்துக் கதவு உப்பிவிட்டது. தலைக்குக் குளிக்க வேண்டும் என்று நினைப்பேன், நினைத்ததிலேயே களைத்துப்போவேன். புகார் எழுதுபவர்கள் திட்டினால் முன்பெல்லாம் எனக்கும் கோபம் வரும், வாய்க்குள் பதிலுக்கு நானும் திட்டுவேன். இப்போது அவர்கள் சொல்வது சரி என்று தோன்றியது. யாரோ ஒருவருக்கு உடைந்த மிக்ஸி வந்ததற்கு நானே காரணம் என்று நிஜமாகவே நம்பினேன்.

சின்னவளின் காலைக்கதை எனக்குத் தாங்க முடியாமல் போனது. அவள் சிரிப்பு மண்டைக்குள் ஆணி அடித்தது. ஒருநாள் அவள் வருவதற்கு முன்னாலேயே எழுந்து கதவைச் சாத்தினேன். அவள் செருப்பில்லாத கால் சத்தம் கதவு வரைக்கும் வந்தது, நின்றது, திரும்பிப் போனது. வீட்டுச் சட்டத்தை அவள் மதித்தாள். மறுநாளும் வந்து நின்றுவிட்டுப் போனாள். அதற்கப்புறம் வரவில்லை. தன் முட்டைகள் பரணில் இருக்க, முட்டை இல்லாமல் கடைக்குப் போய் நின்றாள்.

நான் டம்ளரைக் கவிழ்த்து வைத்தேன். காபி வேண்டாம் என்பதற்காக இல்லை. நிமிர்த்தி வைத்தால், போய் எடுத்துவர வேண்டும். எடுக்கப் போனால் யாராவது எதிரில் வருவார்கள். வந்தால் சிரிக்க வேண்டும். என்னிடம் அவ்வளவு சரக்கு இல்லை. பெரியவள் கவிழ்ந்த டம்ளரைப் பார்த்து, இவளுக்குக் காபி வேண்டாம் என்று புரிந்துகொண்டாள். அதைத் தவிர வேறு எதைப் புரிந்துகொள்ளவும் எங்கள் ஏற்பாட்டில் இடம் இருக்கவில்லை.

தனியாக ஒரு வீட்டில் இருந்திருந்தால் இவ்வளவு மோசமாகப் போயிருக்காது என்று இப்போதும் நினைக்கிறேன். தனியாக இருப்பவளுக்குத் தனிமை மட்டும்தான். எனக்கோ சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் சாப்பிட்டார்கள், சிரித்தார்கள், சீரியல் பார்த்தார்கள். அவர்கள் சிரித்தால் என்னைப் பற்றித்தான் என்று தோன்றும். நான் வேலையில் இருக்கிறேன் என்று குரலைத் தாழ்த்தினால், எனக்குத் தெரியாமல் ஏதோ பேசுகிறார்கள் என்று தோன்றும். இருவரும் வெளியே போன பிறகுதான் அறையைவிட்டு வருவேன். இரண்டு பிஸ்கட்டோ, தயிரில் பிசைந்த நேற்றைய சோறோ சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவித் துடைத்து அதே இடத்தில் வைப்பேன். குளியலறையில் ஒரு முடிகூட விட மாட்டேன். இருந்த தடமே இல்லாமல் ஒரு வீட்டில் குடியிருக்கப் பழகிவிட்டேன்.

ஒருநாள் பெரியவள் கூடத்தில் யாரிடமோ ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள். "கூட இருக்கறவங்கல்லாம் பரவால்லீங்க. சின்னவதான் கொஞ்சம் சத்தம். நடுவுல இருக்கறவ ரொம்ப நல்ல டைப்புங்க, வீட்ல இருக்கறதே தெரியாது" என்றாள். பாராட்டுதான். மனதாரச் சொன்னாள். நான் கட்டிலில் படுத்தபடி அதைக் கேட்டேன். நான் எந்த அளவுக்கு அழிந்துபோகிறேனோ அந்த அளவுக்கு இவர்களுக்கு நல்லவளாகிறேன் என்று தெரிந்தது. அழக்கூட வரவில்லை. சாக வேண்டும் என்று நான் நினைத்ததாக ஞாபகம் இல்லை. நான் இல்லாமல் போய்விட்டால், கவிழ்ந்த டம்ளர் கவிழ்ந்தபடியே இருக்கும், யாருக்கும் ஒரு வேலையும் கூடிவிடாது என்று மட்டும் நினைத்தேன். அந்த நினைப்பு எனக்கு ஆறுதலாக இருந்தது. இதை எழுதும்போது அந்த ஆறுதல்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு காலை. பெரியவள் கிளினிக்குக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். சின்னவளுக்கு வார விடுமுறை. மாமி மோட்டார் போட வந்தார். கூடத்துக்குள் கால் வைத்ததுமே நின்றுவிட்டார்.

"என்னடி பொண்களா இது நாத்தம்? எலி செத்துக் கெடக்கா?"

ஈரச் சுவர் நாற்றம் என்று அவர்கள் இருவரும் சில நாட்களாகவே நினைத்துக்கொண்டிருந்தார்களாம். வாட்ஸ்அப்பில் சின்னவள், 'ஏதோ நாறுது' என்று போட்டதற்குப் பெரியவள் கட்டைவிரல் போட்டிருந்தாள். நான் குழுவைத் திறந்தே பார்க்கவில்லை. மாமி மூக்கைச் சுளித்துக்கொண்டே வந்து என் கதவின் முன்னால் நின்றார்.

"இந்த ரூம்லேர்ந்துதான் வரது. கதவைத் திறங்கோ."

"அவ வேலை பார்த்துட்டு இருப்பாளுங்க மாமி. சாத்தியிருந்தா நாங்க தட்டறதில்லீங்க" என்றாள் பெரியவள்.

"நன்னாருக்கே! கூடப் பொறந்தவ கதவைத் தட்டறதுக்கு யாரைக் கேக்கணும்?"

எல்லாம் எனக்கு உள்ளே கேட்டது. யாரோ யார் வீட்டிலோ பேசுவதுபோல் கேட்டது. கதவு தட்டும் சத்தமும் கேட்டது. எழுந்து திறக்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. சின்னவள் தோளைக் கொடுத்து இடித்தாள். உப்பியிருந்த கதவு ஒரு முனகலோடு திறந்து கட்டிலில் முட்டி நின்றது. நான் தாழ்ப்பாள் போட்டிருக்கவே இல்லை. அத்தனை நாளும் போட்டதில்லை.

சின்னவள் பாதித் திறந்த கதவின் வழியாக உடம்பைக் குறுக்கி உள்ளே வந்தாள். வந்தவள் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "யக்கா! இந்த நாத்தத்துல இன்னாக்கா பண்ணிக்கினு கீற?"

"என்ன நாத்தம்?" என்றேன்.

நான் வேண்டுமென்று கேட்கவில்லை. எனக்கு நிஜமாகவே எந்த நாற்றமும் தெரியவில்லை. சின்னவள் என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் அருவருப்பு போய்ப் பயம் வந்தது. இத்தனை வருஷத்தில் அவள் பேசாமல் நின்று நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பிறகு பரணைப் பார்த்தாள். மழைநீர் கசிந்து, பை நனைந்து, அட்டை கூழாகி, முட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து உடைந்திருந்தன. சுவரில் ஒரு மஞ்சள் கோடு வழிந்து, என் தலையணைக்குப் பக்கத்தில் காய்ந்திருந்தது.

மாமி புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு அதைப் பார்த்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கட்டிலைச் சுற்றி வர இடமில்லாமல், எட்டி என் நெற்றியில் கையை வைத்தார். என் சிக்குப்பிடித்த தலையைப் பார்த்தார். திரும்பிப் பெரியவளிடம் சொன்னார்: "நீ மூத்தவ. ஆத்துல ஒரு பொண்ணு இப்படிக் கெடக்கா, உனக்குக் கண்ணில்லையா? தங்கையை இப்படியா விட்டு வெப்பா?"

பெரியவளின் தோளில் பை இருந்தது. கையில் குடை இருந்தது. கிளம்பி நின்றவள்தான். அவள் முகம் சிவந்துபோனது. நிதானமே உருவானவள் நிதானம் இழந்து நான் பார்த்ததும் அன்றுதான்.

"அவ என் தங்கச்சி இல்லீங்க மாமி" என்றாள். "நாங்க யாரும் யாருக்கும் சொந்தமில்லை. சும்மா ஒண்ணா தங்கியிருக்கோம். அவ்வளவுதானுங்க."

சொன்னதில் பொய் எதுவும் இல்லை. வீடு வேண்டும் என்றபோது அக்காவாக இருந்தவள், பொறுப்பு என்று வந்ததும் உண்மையைச் சொன்னாள். எனக்கு வலித்தது. எத்தனையோ நாளாக எதுவும் படாத இடத்தில் சுரீரென்று வலித்தது. அடுத்த நொடி கோபம் வந்தது, அவளைத் தள்ளிவிட்டு ஓட வேண்டும் போன்ற கோபம். ஓட முடியாமல் அழுதேன். அவளும் அழுதுகொண்டேதான் கிளினிக்குக்குப் போனாள் என்று பின்னால் சின்னவள் சொன்னாள். போனாளே, அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

சின்னவள் ஒன்றும் கேட்கவில்லை. பரணைச் சுத்தம் செய்தாள். என்னைப் பிடித்துக்கொண்டுபோய்க் குளியலறையில் முக்காலியில் உட்கார வைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றினாள். சிக்கெடுக்கும்போது மட்டும் திட்டிக்கொண்டே இருந்தாள். "கூப்ட்டா இன்னாக்கா கொறஞ்சி பூடுவ? நான் இன்னா தொலைலயா கீறேன்? இந்தாண்ட தானே கீறேன்?" ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனாள்.

மனநலப் பிரிவில் வரிசை நீளமாக இருந்தது. எங்கள் முறை வந்தபோது டாக்டர், "கூட வந்திருக்கிறது யார்?" என்று கேட்டார்.

"தங்கச்சி சார்."

டாக்டர் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "சொந்தத் தங்கச்சியா?"

"பின்ன இன்னா சார், வாடகைத் தங்கச்சியா?" என்றாள் சின்னவள்.

அவர் சிரித்துவிட்டு, எத்தனை நாளாக நான் இப்படி இருக்கிறேன் என்று அவளிடம் கேட்டார். அதற்குத்தான் அவள் திணறினாள். யோசித்துப் பார்த்துவிட்டு, "தெர்ல சார். முட்ட வாங்கி வெச்சப்ப நல்லாத்தான் இருந்துச்சி. அந்த முட்ட அழுகிப் போற வரிக்கும் நான் பாக்கல சார்" என்றாள். சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு என்னிடம் மெதுவாகப் பேச ஆரம்பித்தார். யாரோ என்னைக் கேள்வி கேட்டார்கள், எனக்கு எரிச்சல் வரவில்லை. கேட்டதற்கு எல்லாம் பதில் சொன்னேன்.

அன்று மாலை மாமி ஒரு பாத்திரத்தில் ரசம் சாதம் குழையப் பிசைந்து கொண்டுவந்தார். பக்கத்தில் உட்கார்ந்து நான் சாப்பிடும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிட்டு முடித்ததும், "உடம்பைப் பாத்துக்கோ. ஆனா மாசக் கடைசிக்குள்ள ஆத்தைக் காலி பண்ணிக் குடுத்துடுங்கோ. முட்டையைக்கூட விடு. பொய் சொல்லிண்டு இருந்திருக்கேளே, அதை என்னால தாங்க முடியலை" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. மூன்று பெண்கள் கீழே அக்காதங்கைகளாக இருக்கிறார்கள் என்பதில் அவருக்கு என்ன சந்தோஷம் இருந்ததோ தெரியாது. அதையும் நாங்கள்தான் பிடுங்கிவிட்டோம்.

வீடு போனது. எங்கள் மூவரையும் சேர்த்து வைத்திருந்தது அந்த வீடும் அந்தப் பொய்யும் மட்டும்தான் என்பது அப்போது நன்றாகத் தெரிந்தது. பெரியவள் அடையாறில் கிளினிக்குக்குப் பக்கத்திலேயே ஒரு விடுதிக்குப் போனாள். சாமான் எடுத்துப் போன அன்று என் கையை ஒருமுறை பிடித்து அழுத்தினாள். உடம்பைப் பார்த்துக்கொள் என்று குழுவில் போட்டுவிட்டு, குழுவைவிட்டு வெளியேறினாள். சின்னவளுக்கு உடனே இடம் கிடைக்கவில்லை. பெரும்பாக்கத்திலிருந்தே கடைக்கு வந்து போகிறேன் என்று அவள் அம்மா வீட்டுக்குத் திரும்பினாள். இரண்டு பஸ் மாறி வந்து, நாள் முழுக்க நின்று, இரண்டு பஸ் மாறிப் போவாள். "அங்க முட்ட ஃப்ரீயா ஃபிரிட்ஜ்லயே வெச்சிக்கலாம்க்கா" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் இப்போது மந்தைவெளியில் வேறு இரண்டு பெண்களோடு இருக்கிறேன். மாத்திரை சாப்பிடுகிறேன். தேறிவிட்டேனா என்று கேட்டால், எழுந்து குளிக்கிற அளவுக்குத் தேறியிருக்கிறேன். காலையில் அவர்கள் கதவை ஒவ்வொன்றாகத் தட்டி, காபி வேண்டுமா என்று கேட்கிறேன். வேண்டாம் என்றால் ஏன் வேண்டாம் என்றும் கேட்கிறேன். அவர்களுக்கு என்னைக் கண்டாலே ஆகவில்லை. "ப்ரைவசின்னு ஒண்ணு இருக்குக்கா, புரிஞ்சுக்கோங்க" என்று ஒருத்தி முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள். அவள் எப்படி எரிந்து விழுந்தாள் என்று பார்த்தபோது, என் சொந்த முகத்தைப் பார்த்ததுபோல் இருந்தது. மறுநாளும் தட்டினேன்.

சின்னவள் முதலில் அடிக்கடி ஃபோன் செய்தாள். பஸ்ஸில் தொங்கிக்கொண்டே கடைக்கதை சொல்லுவாள். பிறகு அது குறைந்தது. நான் கூப்பிட்டால், "டயர்டா கீதுக்கா, அப்பால பேசறேன்" என்பாள். அப்புறம் கொஞ்ச நாள் எடுக்கவில்லை. பிறகு அந்த எண்ணே உபயோகத்தில் இல்லை என்று வந்தது. நான் பாண்டி பஜாருக்குப் போனேன். பட்டுப்புடவைப் பிரிவில் அவள் நின்ற இடத்தில் வேறொரு பெண் நின்றுகொண்டிருந்தாள். அவள்தான் சொன்னாள்: "அந்த அக்கா வேலைய விட்டு நின்னுட்டாங்களே. இங்கயே மயக்கம் போட்டு ரெண்டு வாட்டி வுழுந்தாங்க. அப்புறம் ஒரு மாரி ஆயிட்டாங்க. யாராண்டயும் பேசமாட்டாங்க. திடீர்னு வரல."

யாராண்டயும் பேசமாட்டாங்க. அவளா?

அடுத்த பஸ்ஸிலேயே பெரும்பாக்கம் போனேன். போய் இறங்கியதும்தான் எனக்கு உறைத்தது. கண்ணுக்கு எட்டிய வரைக்கும் ஒரே மாதிரி அடுக்குமாடிகள், ஒவ்வொன்றின் மேலும் ஓர் எண், ஒவ்வொன்றிலும் ஒரே மாதிரிக் கதவுகள். அவள் வீடு எந்த பிளாக்கில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. எத்தனாவது மாடி என்று தெரியாது. அவள் அம்மாவின் பெயர் தெரியாது. ஒரே கூரையின் கீழ் அத்தனை காலம் இருந்தோம். என் காலடியில் உட்கார்ந்து அத்தனை காலையும் பேசினாள். ஒருநாள்கூட நான் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதுதான் மரியாதை என்று வைத்திருந்தோம்.

முதல் பிளாக்கின் படிக்கட்டில் ஓர் அம்மா பூ கட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் அடையாளம் சொல்லிக் கேட்டேன். சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து வந்தவர்கள், புடவைக் கடையில் வேலை பார்த்த பெண், நிறையப் பேசுவாள் என்றேன்.

"இங்க பாதி ஜனம் அங்கேர்ந்து வந்ததுதாம்மா" என்றார் அவர். பூவை மடியில் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீ யாரு அதுக்கு?"

"அக்கா" என்றேன்.

"அக்கான்ற. வூடு தெர்லன்ற?"

தரைத்தளத்தில் முதல் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. போய்த் தட்டினேன்.